லூர்துமேரியும் மூன்றாம் மாடியும்

திண்டிவனத்தில் ஏறிய பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் லூர்துமேரி முன்சீட்டுக் கம்பியைப் பற்றிக்கொள்வாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுப்புரம். அங்கே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் அந்த லிஃப்ட்.

ஐம்பத்தெட்டு வயதுவரை அவள் அறிந்த வேலையெல்லாம் நடவும் களையெடுப்பும்தான். இடுப்பு விட்டுப்போய்க் குனிய முடியாமல் ஆனபின் யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகனிடம் கையேந்த மனம் வரவில்லை. வயதானவர்களுக்கும் வழியில்லாதவர்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்துச் சேர்த்துவிடும் ஒரு டிரஸ்ட் திண்டிவனத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது எல்லாம் சீக்கிரமே அவள் கைக்கு வந்துவிட்டன.

வேலைக்கு அனுப்பும்போது டிரஸ்டில் இருந்த அன்புச்செல்வி சொன்னாள். "அம்மா, இந்த ஆஸ்பத்திரிக்கு நம்ம ஆளு நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு மாசம் பாப்பாங்க. உங்களப் பிடிச்சிப்போச்சுன்னா அடுத்து வெள்ளையம்மாள எடுத்துக்குவாங்க."

வெள்ளையம்மாள் லூர்துமேரியோடு பயிற்சி பெற்றவள். ஒரு கால் சற்றே இழுக்கும்.

முதல் நாள் லிஃப்டுக்குள் ஒரு கால் வைத்ததுமே மூச்சடைத்தது. இரும்புக் கதவு மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். ஏன் அப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கூட வேலை செய்த புனிதாவிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். மாடிக்குப் போகும் நோயாளிகளைப் புனிதா பார்த்துக்கொள்வாள்; அவளுடைய பங்குக் கழிவறைகளை லூர்துமேரி கழுவிவிடுவாள். அன்புச்செல்வி போன் செய்யும்போதெல்லாம், "ஒரு கொறையும் இல்லம்மா" என்றே பதில் போனது.

மூன்றாவது வாரம் புனிதா லீவு போட்டாள். கெடாரிலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த கோதண்டபாணியை எக்ஸ்ரே எடுத்த பிறகு மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லூர்துமேரி அவர் படுத்திருந்த தள்ளுவண்டியை லிஃப்ட் வாசலில் நிறுத்தினாள். கை பட்டனுக்குப் போகவில்லை.

"இன்னாம்மா, நிக்கறியே?" என்றார் அவர். வலியில் முகம் வேர்த்திருந்தது.

"லிஃப்ட் ரிப்பேருங்க ஐயா. ஆளு வந்துக்கினு இருக்காங்க."

சொல்லி வாய் மூடவில்லை. கதவு திறந்தது. உள்ளேயிருந்து வார்டு சூப்பர்வைசர் வேங்கடேசன் வந்தார்; அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. கோதண்டபாணி அவரையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். வேங்கடேசன் தாமே வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து, "நாளைக்கு உங்க டிரஸ்ட்லேருந்து யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார்.

வீடு வந்தும் சோறு இறங்கவில்லை. தன் வேலை போனால் போகட்டும். ஆனால் இனிமேல் டிரஸ்டிலிருந்து யாரையும் இங்கே எடுக்கமாட்டார்களே, வெள்ளையம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபடி தட்டை மூடிவைத்தாள்.

மறுநாள் அன்புச்செல்வி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்துத் தலைகுனிந்து நின்றவளிடம், "இன்னாம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

லூர்துமேரி எல்லாவற்றையும் சொன்னாள். போனில் சொன்னதெல்லாம் பொய் என்பதையும் சேர்த்து.

அன்புச்செல்வி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். "நம்ம சென்டர்ல லிஃப்டே இல்ல. லிஃப்ட்டுன்னா பயமான்னு நாங்களும் கேக்கல. ஆனா நீங்க மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும்மா" என்றாள். பிறகு வேங்கடேசனிடம் போய்ப் பேசினாள். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார் அவர். அதற்குமேல் எதற்கும் அவர் பிடிகொடுக்கவில்லை.

மத்தியானம் லிஃப்ட் ஓய்ந்திருந்தபோது இருவரும் உள்ளே போனார்கள். முதல் தடவை லூர்துமேரி முதல் மாடியிலேயே இறங்கிவிட்டாள். அடுத்த தடவை அன்புச்செல்வியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி மூன்றாம் மாடி வரை போனாள். கதவு திறந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. அன்புச்செல்வி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இன்னொரு வாட்டி போலாமா?" என்றாள்.

அதன்பிறகு தினமும் தனியாக ஏறினாள். பயம் போகவில்லை. வண்டியின் கைப்பிடி இருந்தால் பற்றிக்கொள்ள ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

கோதண்டபாணி வீட்டுக்குப் போகிற நாளில் அவரைக் கீழே கொண்டுபோக அவளே போனாள். கதவு மூடியது. லேசாகக் குலுங்கி லிஃப்ட் இறங்கியது.

"ரிப்பேர் பாத்துட்டாங்களா?" என்றார் அவர், திரும்பாமல்.

"அன்னிக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. எனக்குத்தான் பயம். ஒங்கள வலியோட காக்க வெச்சிட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் பயம்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. "பேசிக்கினே வா, கீழ வந்துடும்" என்றார்.

மாதக் கடைசியில் வேங்கடேசன் அவளை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். வெள்ளையம்மாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் லூர்துமேரி கேட்க வாயெடுப்பாள், கேட்காமலே நகர்ந்துவிடுவாள். ஒரு திங்கட்கிழமை அவரே கூப்பிட்டு, "உங்க டிரஸ்ட்ல சொன்னாங்களே, அந்தக் கால் சரியில்லாத அம்மா, அவங்களுக்கு லிஃப்ட் பயம் ஏதும் இல்லியே?" என்று கேட்டார்.