குளம் இரைவதில்லை

விடுமுறைக்குக் கணவரும் நானும் மலைநாட்டுக்குப் போயிருந்தோம். மலைக்குளங்களைப் பார்த்து, பக்கத்துச் சிகரத்திலும் ஏறி இறங்கும்போது பனிமூட்டம் பாதையை மறைத்துவிட்டது. எங்கள் வேன் குளத்தடியில் நின்றது. களைத்துப்போய் நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“தண்ணி இரையுது புள்ள, குளம் அங்காலதான். நட,” என்றார் அவர்.

எங்கள் கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் கடலிரைச்சலைக் கேட்டே திசை பிடிப்பவர்கள் நாங்கள். குளம் இரையாது என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை.

“எனக்கு இனி ஏலா மச்சான். அஸர் தொழுதிட்டுப் போவம்.”

முனகிக்கொண்டே நின்றார். தொழுது முடிக்கையில் பனி விலகியது. அவர் காட்டிய பக்கம் சில அடிகளுக்கு அப்பால் நிலமே இல்லை. கீழே அருவி இரைந்துகொண்டிருந்தது.

இப்போதெல்லாம் வழி தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். “சோம்பேறி” என்கிறார். “ஓம், சோம்பேறிதான்” என்கிறேன், எழும்புவதில்லை.