மலையடிவார நிலையத்தின் தண்டவாள மணி

1982 மாசி மாதம். எனக்கு வேலூரில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையம் பார்க்கிற வேலை. "ஊரு ஒலகம் கோயில் கோயிலா போவுது, நீ டேசன் டேசனா போறியே" என்று அறை நண்பன் கிண்டல் செய்வான். காட்பாடி–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதையில் நான் இறங்கிப் பார்க்காத நிலையங்கள் நாலைந்துதான் மிச்சம். அவற்றில் ஒன்று போளூரைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டரில், ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருந்தது. அதன் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், இத்தனை வருடம் கழித்து அவரை எதற்கு மாட்டிவிட வேண்டும்?

வேலூரில் காலை 6.20-க்குப் பாசஞ்சர். டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது காசு. கண்ணில் கரி விழுந்ததுதான் மிச்சம் என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கரிப்புகை வாசனை வேண்டித்தான் ஜன்னலோரம். 8.50-க்கு இறங்கினேன். என்னோடு இறங்கியது ஒரு கோழிக்கூடை, அதன் சொந்தக்காரர், அவ்வளவுதான்.

கருங்கல் சுவர், சீமை ஓட்டுக் கூரை, இரண்டே அறைகள். டிக்கெட் ஜன்னல் இடுப்புயரத்தில் இருந்ததால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் கேட்க வேண்டும். கெட்டி அட்டை டிக்கெட்டை இரும்பு எந்திரத்தில் செருகினால் 'டக்' என்று தேதி விழும். சுவரில் பிரம்பு வளையம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் பையில் இரும்புக் குண்டைப் போட்டுக் கொடுத்தால்தான் டிரைவர் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுப்பார். "வெள்ளக்காரன் காலத்துல மலையிலேர்ந்து புளியும் கட்டையும் எறக்கத்தான் இத்தக் கட்டுனாங்க" என்றார் மாஸ்டர். ஆதாரம் கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் மணி. பக்கத்து நிலையத்தை விட்டு வண்டி கிளம்பியதும் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார்கள். சத்தம் கேட்டால் இருநூறு அடி தள்ளி ரோட்டுக்குக் குறுக்கே இருக்கும் கேட்டை கேட்கீப்பர் சாத்திவிடுவார்.

திரும்ப எனக்கு 11.40 வண்டி. அன்றைக்கு அது இரண்டு மணி நேரம் லேட். நான் பெஞ்சில் சாய்ந்திருந்தபோது மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள், நிறைமாதமாக இருந்த மகளைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். மகளை நிழலில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாங்க, போளூர் வண்டி எப்ப வரும்?"

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மணி அடிச்சா வந்துடும்மா" என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

கால்மணி நேரம் போயிருக்கும். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள். அம்மாள் விறுவிறுவென்று மரத்தடிக்குப் போனார், கம்பியை எடுத்தார், அடித்தார். காது கிழிந்தது. மாஸ்டர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"வண்டி இன்னும் திருவண்ணாமலையே தாண்டல! இன்னாம்மா பண்ற நீ?"

"பொண்ணுக்கு நோவு வந்துடுச்சுங்க. மணி அடிச்சா வண்டி வந்துடும்னு அந்த ஐயாதான் சொன்னாரு."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்தத் தாய்க்கு ரயில் நேரம் தெரியாது. மலையிலிருந்து எப்போது இறங்கி வந்தாலும் முதலில் மணிச் சத்தம், பிறகு வண்டி. அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதோடு படித்தவன் ஒருவன் வேறு ஆமாம் போட்டுவிட்டான்.

"ஓடு, கேட்டத் தெறக்கச் சொல்லு" என்றார் மாஸ்டர். ஓடினேன். சாத்திய கேட்டுக்கு முன்னால் புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"வண்டியும் காணோம், பொகையும் காணோம், இன்னாத்துக்குய்யா சாத்தி வச்சிக்கீற?" என்று டிரைவர் கேட்கீப்பரோடு மல்லுக்கு நின்றார்.

"மணி அடிச்சாங்க, சாத்துனேன்" என்றார் கேட்கீப்பர்.

நான் டிரைவரிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முன்னாடி ஏத்துங்க. மேடு பள்ளம் பாத்து ஓட்றேன்" என்றார். மாஸ்டரும் நானுமாகத் தாங்கிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணை ஏற்றினோம். அம்மாளும் ஏறிக்கொண்டார். லாரி போளூர்ப் பக்கம் திரும்பியது. மாஸ்டர் அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: பாதை அகலமாகிவிட்டது, கரி எஞ்சினும் பிரம்பு வளையமும் போய்விட்டன. இருந்தாலும் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில் காலை வண்டியில் போய் இறங்கிப் பாருங்கள், மலை அதே இடத்தில்தான் இருக்கிறது. திரும்புகிற வண்டியின் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு வேண்டும். மலைமேல் போவதென்றால் போளூரிலிருந்து பஸ்.

என் வண்டி அன்றைக்கு 1.50-க்கு வந்தது. வேலூருக்கு எடுத்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போளூரில் இறங்கிவிட்டேன். என்ன ஆயிற்றோ என்கிற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். வராந்தாவில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் பழம்புடவையில் சுற்றிய குழந்தை.

"பொண்ணுங்க. தாயும் நல்லாக்கீறா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்:

"ஒங்க வண்டியும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"வராம எங்க போவும்? நல்லா ஓங்கித்தான அடிச்சேன்."