முத்திரை விழாத ராஜினாமா

அலுவலகத்துக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை குத்துவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. பெயரே 'சீல் அண்ணன்' என்றாகிவிட்டது. முத்திரை இல்லாத கடிதம் வந்த கடிதமே இல்லை என்று மேனேஜரிடமே சட்டம் பேசுவார்.

அவரைக் கேட்காமல் அவருடைய ஜன்னலோர மேசையைக் கழிப்பறைப் பக்கம் நகர்த்தியதும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ராஜினாமாவை எழுதி மேனேஜரிடம் நீட்டிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டே நாளில் வீட்டு மளிகை டப்பாக்களுக்கெல்லாம் தேதிச் சீட்டு ஒட்டினார். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "என் சமையல்கட்டை விட்டுடுங்க. போய் அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிட்டு வாங்க."

மறுநாள் வாபஸ் கடிதத்தோடு மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மேனேஜர் ராஜினாமாவை எடுத்துக் காட்டினார்.

"இதுல சீல் எங்கண்ணே? வராத லெட்டரை எப்படி வாபஸ் வாங்குவீங்க?"

கோபத்தில், வாழ்நாளில் முதல்முறையாக, முத்திரை குத்த மறந்திருந்தார்.

"என் மேசை?" என்றார் மெதுவாக.

"ஜன்னலுக்கே போயிடுச்சுண்ணே."

அன்றைய தபாலுக்கெல்லாம் ஓங்கி ஓங்கிக் குத்தினார். ராஜினாமாவை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேசையை மறுபடி எவனாவது தொட்டால், தேதியைத் திருத்தினால் போதும்.