ஒண்ணுமில்லை என்கிற கடவுச்சொல்

அவளுக்குக் கைப்பேசி என்று பட்டப்பெயர் வைத்தவர் அவளுடைய மாமனார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை என்பதால் வீட்டிலும் அவர் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். மருமகள் தன் பெற்றோரிடம் கையாலேயே குடும்ப நியாயம் முழுவதையும் பேசி முடிப்பதை முதன்முதலில் பார்த்த அன்று, "இவதான் நிஜமான கைப்பேசி. சார்ஜ்கூடப் போட வேணாம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. அவளுக்குக் கேட்கும். வாய் திறந்து பேசுவதற்கு முன்பே விரல் பேசத் தொடங்கிவிட்டது. கடைக்காரர், பள்ளி ஆசிரியை, வீட்டுச் சொந்தக்காரர் என்று யார் வந்தாலும் நடுவில் அவள்தான் நின்றாள். வளர்ந்தபின் அதுவே தொழிலாயிற்று. ஒரு பெரிய மருத்துவமனைக்குக் காது கேளாத நோயாளிகள் வரும்போது அவள் வீட்டிலிருந்தே காணொளியில் தோன்றுவாள். மருத்துவர் சொல்வதைக் கையால் காட்டுவாள். நோயாளி கையால் கேட்பதைக் குரலில் சொல்வாள். படுக்கையறை மூலையில் ஒரு கருநீலத் துணி, முகத்துக்கு நேரே ஒரு விளக்கு, விரல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கோடு, பூ எதுவும் இல்லாத மேல்சட்டை. அலுவலகம் அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. அவசியம் என்றால் மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பேசலாம். நோயாளியை வெளியில் தொடர்புகொள்ளவே கூடாது. இது அவளுக்குச் சுமையாக இருந்ததில்லை, அந்தத் தச்சர் வரும்வரை.

தச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிறவியிலேயே காது கேட்காதவர். பார்வை போனால் பேச்சும் சேர்ந்தே போய்விடும். மருத்துவர், "கண்ணுக்குள்ள மங்கிப்போன லென்ஸை எடுத்துட்டு, அந்த இடத்துல புதுசு வைப்போம்" என்றார். கைப்பேசி கண்ணைக் காட்டினாள். உள்ளிருந்து எடுப்பதுபோல் விரல்களைக் குவித்து வெளியே இழுத்தாள். அந்த இடத்தில் படம் உறைந்துவிட்டது. அவள் பக்கத்தில் அவள் புதியதை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில், கண்ணைப் பிடுங்கிய கை காற்றில் அப்படியே நின்றது. இணைப்பு திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். "கண்ணைப் பிடுங்கப் போறாங்கன்னு வீட்ல சொல்லியிருக்காரு மேடம். அவர் அக்கா கெஞ்சிக் கூத்தாடி அடுத்த வாரம் ஒரே ஒருமுறை கூட்டிட்டு வரேன்னிருக்காங்க. மாசக் கடைசியில உங்க லைன் நிக்கிறது இது முதல் தடவையும் இல்ல. மறுபடியும் நின்னா எழுதிக் காட்டித்தான் சமாளிக்கணும்."

தச்சருக்கு எழுத்து வராது. அது இருவருக்கும் தெரியும்.

வீட்டில் முதல் சந்தேகம் மாமனார் மேல் விழுந்தது. அவர் மகன், அதாவது அவள் கணவன், வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அவர் பொழுது செல்போன் திரையில்தான் கழிகிறது.

"மாமா, படம் பாக்குறதைக் கொஞ்ச நாள் குறைச்சுக்குறீங்களா?"

"நான் பாக்குறதெல்லாம் கருப்பு வெள்ளைப் படம்மா. அது எவ்வளவு இழுத்துடப் போகுது?"

அவள் இணைய நிறுவனத்தின் புகார் எண்ணை அழைத்தாள். எடுத்த பெண்ணின் குரலில் நாளெல்லாம் திட்டு வாங்கிய களைப்பு இருந்தது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டாள்.

"மாசத் தொடக்கத்துல நல்லா வேலை செஞ்சுட்டு, கடைசியில இழுக்குதா மேடம்?"

"ஆமா, அதேதான்."

"அப்ப லைன்ல கோளாறு இல்ல. உங்க மாச அளவு தீர்ந்துபோகுது. தீர்ந்ததும் வேகத்தை நாங்க குறைச்சிடுவோம். செய்தி படிக்கிறது, டைப் அடிக்கிறதெல்லாம் சும்மா கொறிக்கிற மாதிரி. வீடியோதான் முழுச் சாப்பாடு."

"கருப்பு வெள்ளைப் படம் கம்மியாச் சாப்பிடுமா?"

"யார் கேட்டாங்க?"

"மாமனார்."

"பெரிய வித்தியாசம் இல்லன்னு பக்குவமாச் சொல்லிடுங்க."

பிறகு அந்தப் பெண் நிறுவனத்தின் செயலியைத் திறக்கச் சொல்லி, நாள்வாரியான பயன்பாட்டைப் பார்க்கவைத்தாள். அவள் வேலை செய்த நாள், செய்யாத நாள், எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே உயரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் அவள் கணவனைப் பார்க்கப் போயிருந்த வாரத்திலும் கோடு குறையவே இல்லை.

"வீட்டுக்குள்ள வராமலே யாரோ உங்க வீட்டுல குடியிருக்காங்க மேடம். பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

கைப்பேசி திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் சொன்னதில்ல" என்றார் அவர். சிறிது யோசித்துவிட்டு, "கேட்டவங்ககிட்டக்கூட ஒண்ணுமில்லன்னுதானே சொல்லியிருக்கேன்" என்றார்.

விவகாரமே அங்கேதான் இருந்தது. அந்த வீட்டுக் கடவுச்சொல் "ஒண்ணுமில்லை". ஆங்கில எழுத்தில் அப்படியே. இணைப்பு வந்த அன்று மாமனார்தான் வைத்தார். யாராவது கேட்டால் உண்மையையே சொல்லிவிடலாம், பொய் சொன்ன பாவமும் வராது, சொன்னதாகவும் ஆகாது என்பது அவர் கணக்கு. தன் சாமர்த்தியத்தில் அவருக்கு நெடுநாளாகவே ஒரு திருப்தி.

தொலைபேசியில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக வழி சொன்னாள். கடவுச்சொல்லை நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து மாற்றவைத்தாள். ரவுட்டருக்குள் நுழைவதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் இருக்கிறது, அது இன்னும் பெட்டியின் அடியில் அச்சடித்தபடியே கிடக்கிறது, அதையும் மாற்றுங்கள் என்றாள். விருந்தாளிகளுக்கென்று தனி இணைப்பு ஒன்றைத் திறந்து, அதற்கு அளவு வைக்கவும் காட்டிக்கொடுத்தாள்.

"மாத்தியாச்சு. இனிமே நீங்க யாரையும் தேடிப் போக வேணாம். யாருக்கு நெட்டு நின்னுச்சோ, அவங்களே வந்து கதவைத் தட்டுவாங்க."

அடுத்த நாள் கைப்பேசி நன்றி சொல்ல அந்த எண்ணைத் திரும்ப அழைத்தாள். இம்முறை வேறொருவர் எடுத்தார். "நன்றின்னு பதிவு பண்ண இங்க வழி இல்லையே மேடம். புகார்னே போட்டுக்கவா?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னாள். குறைகளைச் சொல்ல இத்தனை வாசல் திறந்து வைத்திருக்கிற உலகம் இதற்கு ஒரு சன்னல்கூட வைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த அழைப்பை முடித்த கையோடு கதவு தட்டப்பட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர்.

"என் கேமரா ரெண்டும் நின்னுபோச்சு. உங்க வீட்ல நெட்டு வருதாம்மா?"

திருடன் இப்படிக் கேட்க மாட்டான். திட்டுவதற்கென்று நேற்றிலிருந்து அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை அவள் தள்ளிவைத்தாள்.

"அண்ணே, எங்க நெட்டா நீங்க யூஸ் பண்றீங்க?"

"ஐயாதானே கொடுத்தாரு. வண்டி திருடு போனப்ப, வாசல்ல கேமரா மாட்டணும், பாஸ்வேர்டு என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. போட்டுப் பாத்தா பாஸ்வேர்டு கேக்குது. மறுபடி வந்து கேட்டேன். அதான் ஒண்ணுமில்லன்னு சொன்னேனேன்னு சத்தம் போட்டாரு. என் வீட்டுக்காரிதான், அவர் சொன்னதையே அடிச்சுப் பாருங்கன்னா. திறந்துச்சு. என்ன பெரிய மனசு, கொடுக்கிறதைக்கூட விளையாட்டாக் கொடுக்கிறாருன்னு நினைச்சோம். அந்த நன்றிக்குத்தானே ஐயாவோட மாத்திரையை மாசாமாசம் வீட்டுக்கே கொண்டுவந்து தரேன்."

மாமனார் சுவரைப் பார்த்தார். "வயசுக்கு மரியாதை கொடுக்கிறாருன்னு நினைச்சேன்" என்றார், தன் வாழ்நாளிலேயே இல்லாத மெல்லிய குரலில்.

இரவும் பகலும் இரண்டு கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. காலி வாசலையும், நிறுத்திய இடத்திலேயே நிற்கும் ஒரு புது வண்டியையும் இடைவிடாமல் எங்கோ ஒரு சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டே. வேலைக்கட்டுப்பாடு உறுத்தியதால் கைப்பேசி ஆளையும் நோயையும் சொல்லவில்லை. "மாச அளவு தீர்ந்துபோய், நான் கையைக் காட்டிட்டிருக்கும்போது பாதியில படம் நின்னுடுச்சு அண்ணே. ஒருத்தர் தப்பாப் புரிஞ்சு பயந்து போயிட்டாரு. திரும்பவும் ஒரே ஒரு தடவைதான் வருவாரு" என்றாள்.

கடைக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்த மாச அளவுதான் தீர்ந்துபோச்சே. அன்னிக்கு என்ன பண்ணுவ?"

"அதான் தெரியல."

"கடையில எனக்கு நல்ல லைன் இருக்கு. பின்னாடி மருந்து வைக்கிற ரூம், கதவைப் பூட்டிக்கலாம். நான் காலி பண்ணித் தரேன்."

தச்சர் வரும் நாளில் மருந்துப் பெட்டிகளெல்லாம் கடைக்கு வெளியே நடைபாதைக்கு வந்துவிட்டன. கருநீலத் துணியைக் கடைக்காரரே அலமாரியில் ஆணியடித்துக் கட்டினார். வைஃபையை நம்பாமல், கம்பியை நேராகவே அவள் கணினியில் செருகினார். பூட்டிய கதவுக்கு வெளியே மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருமல் மருந்து கேட்டு வந்தவர்களை, "சத்தம் போடாம இருமுங்க" என்று அடக்கிக்கொண்டிருந்தார். அவர் மற்றவர்களை அமைதிப்படுத்துவதைப் பார்ப்பது அந்தத் தெருவுக்கே புதிதாக இருந்தது.

திரையில் தச்சர் தெரிந்தார். கைகளை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். காது கேளாதவர் கையைக் கட்டிக்கொண்டால் வாயைப் பூட்டிக்கொண்டதாகத்தான் பொருள். பக்கத்தில் அவருடைய அக்கா.

"டாக்டர், மொழிபெயர்ப்பாளர் தன் சார்பா ஒண்ணு சொல்ல அனுமதி வேணும்" என்றாள் கைப்பேசி. மருத்துவர் தலையசைத்தார். போன தடவை நின்றது என் வீட்டு இணைப்பு, டாக்டர் சொன்னது பாதிதான் உங்களுக்கு வந்தது, மீதியை இன்று காட்டுகிறேன் என்று கையால் சொன்னாள். அவ்வளவுதான் அவளுடைய சொந்தப் பேச்சு.

மருத்துவர் மறுபடி தொடங்கினார். கண், உள்ளே மங்கியது, எடுப்பது. போன தடவை உறைந்த இடம் வந்தது. கை நிற்கவில்லை, படமும் நிற்கவில்லை. புதியதை வைப்பது. மூடுவது.

தச்சர் வெகுநேரம் அவள் விரல்களையே பார்த்தார். பிறகு கட்டியிருந்த கை மெதுவாக அவிழ்ந்தது.

"சன்னல் சட்டத்தைப் பெயர்க்காம, அழுக்குக் கண்ணாடியை மட்டும் கழட்டிட்டுப் புதுசு மாட்டுற மாதிரியா?"

அவள் அதைக் குரலில் சொன்னாள். "அதேதான். நான் இவ்வளவு நல்லாச் சொன்னதே இல்ல" என்றார் மருத்துவர்.

"அப்படின்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே. கண்ணாடி மாட்டுறது எனக்குத் தெரியாதா?"

தேதி பேசினார்கள். வலக்கண் முதலில், சில நாள் கட்டு இருக்கும் என்றார் மருத்துவர். தச்சர் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அந்த நாள் பூரா அவளை இந்தப் பக்கமே உட்காரச் சொல்லுங்க டாக்டர். திட்டுறது எனக்குத் தெரியாம இருக்கும்."

அக்கா அவர் தோளில் ஒன்று வைத்தாள். கைப்பேசி ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் அதை மருத்துவருக்குச் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் சிரிப்பு கலந்தது. அதை மட்டும் அவளால் அடக்க முடியவில்லை.