வெள்ளிக்கிழமை இருபது பத்து

மழை விழுந்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு வேலை கிடையாது. லாரி இல்லையென்றால் லோடு எழுதும் எனக்கும் வேலை கிடையாது. கார்த்திகை மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவேன். நிஜ விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

அந்த சிமுலேட்டரில் சென்னை ஏர்போர்ட் காலியாகக் கிடக்கும். ஓடுபாதை முழுவதும் எனக்கே எனக்கு. என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, ஊரடங்கு போட்டாப்ல இருக்குது?" என்றாள். அவள் மஸ்கட்டில் நர்ஸ். ஒரு மாத லீவில் வந்திருந்தாள். பத்துத் தடவை விமானம் ஏறியவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. மற்ற விமானங்களும் தாமாக வந்து போகும்படி செய்ய ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி எழுதவேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே. நேரத்தை நம் ஊர்க் கணக்கில் எழுதினால் எல்லாம் தாறுமாறாகிவிடும்; நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து, லண்டன் நேரமாக, இருபத்துநாலு மணிக் கணக்கில் எழுதவேண்டும். பட்டுத் தெரிந்துகொண்டது அது.

மனைவி திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. டிக்கெட் போட்டபோதே அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழம லட்சுமி வூட்ட வுட்டுக் கிளம்பக்கூடாது. சனிக்கிழம போடு." அப்படியே சனிக்கிழமைக்குப் போட்டோம். சனிக்கிழமை மாலை கிளம்புவதாகக் காருக்கும் சொல்லியாயிற்று.

வெள்ளி மதியம் அவள் கருவாட்டை நாலு கவரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் போகிற விமானத்தையும் சேர்த்துவிடலாமே என்று டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமை, ஒன்று நாற்பது. ஐந்தரையைக் கழித்தேன். வெள்ளிக்கிழமை, இருபது பத்து என்று வந்தது.

தப்பாகக் கழித்துவிட்டேன் என்று விரல் விட்டு எண்ணினேன். கணக்கு சரிதான். ஒன்று நாற்பது என்பது சனிக்கிழமை மதியம் இல்லை, சனிக்கிழமை ராத்திரியும் இல்லை. வெள்ளி முடிந்ததும் வருகிற விடியாத பொழுது. நாங்கள் சனிக்கிழமை மாலை சாவகாசமாகக் காரில் ஏறும்போது விமானம் போய் ஒரு பகல் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட டிக்கெட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் கிளம்பியாகவேண்டும்.

உடனே எழுந்து சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் சேராவிட்டால் அவள் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது. என்மேல் பழியும் வராது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு. ஜன்னலுக்கு வெளியே பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர், ஓலை போர்த்திய உப்புக் குவியல். நாலு வருஷமாக அதைத் தனியாகப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பத்து நிமிடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து அறையில் அவள் பெட்டியை எடை போட்டுவிட்டு, "என்னாங்க, இன்னும் ரெண்டு கிலோ போடலாம். ஒங்களுக்கு அங்கிருந்து என்னா வாங்கியாறணும், இப்பவே சொல்லிடுங்க" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. டிக்கெட்டை அவள் கையில் கொடுத்துச் சொன்னேன்.

வீடு ரெண்டுபட்டது. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். "வெள்ளிக்கிழமையாச்சேடா!"

"லட்சுமி இங்கதான் இருக்குறா அத்த. நான்தான் போறேன்" என்று அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கார் கோவளம் தாண்டியதும், "எப்பக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

"மத்தியானம். பத்து நிமிஷம் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பாதியில் விட்ட வரியை முடித்தேன். புரோகிராம் ஏற்கவில்லை. மூன்று முறை பார்த்த பிறகுதான் விளங்கியது. எந்த விமானமும் கிளம்பிய ஊருக்கே திரும்பி வந்து சேரவேண்டுமாம். நான் போவதை மட்டும் எழுதியிருந்தேன். திட்டிக்கொண்டே திரும்பி வரும் வரியையும் அடித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது.

இப்போது சிமுலேட்டரின் கடிகாரத்தைத் திருப்பிவைத்து, அந்த விமானம் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்குவதைப் பகலிலேயே பார்க்கிறேன். அது வரும்போது என் சின்ன விமானத்தை ஓரம் கட்டிவிடுவேன். இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.