கூன்பல் சிரப்

அந்த வருடத்தை நினைத்தால் முதலில் வருவது அத்தானின் கைகள்தான். மணிக்கட்டு வரை சிவந்து, நகக்கண்களில் கறுத்து, எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் சாயம் போகாத கைகள். பெரார்கஞ்சில் அவர்கள் வீட்டின் பின்புறம், தகரச் சாய்ப்பின் கீழ் உட்கார்ந்து அலுமினியச் சட்டியில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நிலைப்படியில் சாய்ந்திருந்த அக்கா, "கொலை பண்ணிட்டு வந்த ஆளு மாதிரி இருக்காரு பாருடி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

கூன்பல் என்று தமிழில் எழுதினால் வளைந்துபோன பல் என்றுதான் தோன்றும். இங்கே பேசும் இந்தியில் கூன் என்றால் ரத்தம், பல் என்றால் பழம். தீவுக் காடுகளில் பெரிய மரங்களைப் பற்றி ஏறுகிற கொடியில், வெயில் முற்றும் மாதங்களில் குலைகுலையாகப் பழுக்கும். தோலைக் கீறி அழுத்தினால் வழிகிற சாறு அசல் ரத்தத்தின் நிறம். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் நான் குடியிருக்கும் தெருமுனையில் இப்போதும் கூறு கட்டி விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அக்காவுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு தேறாவிட்டால் போர்ட் பிளேருக்கு வந்து பெரிய பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி மாசி வந்து பார்த்துவிட்டு, "கூன்பல் கிலாவோ, கூன் படேகா" என்றாள். அந்தப் பழத்தைக் கொடு, ரத்தம் ஏறும் என்று அர்த்தம். அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, இந்தத் தீவுகளின் ரப்பர்க் காட்டில் குடியேற்றப்பட்டவர்கள். அவர் பாக்குத் தோட்டத்தில் கூலிக்கு மரம் ஏறுகிறவர். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவரால் முடிந்திருக்குமோ என்னவோ, மரம் ஏறச் சொன்னால் ஏறுவார்.

"மாத்திர அவளுக்கு ஏலாது பாப்பா. இது பழந்தானே, உள்ள தங்கும்" என்றார் என்னிடம்.

வேலை முடிந்ததும் காட்டுக்குள் போய், அட்டை கடித்த கால்களோடு சாக்கு நிறையப் பழம் கொண்டுவருவார். ஒவ்வொன்றாகக் கழுவி, கொட்டை நீக்கி, பிசைந்து, தன்னுடைய கல்யாண வேட்டியைக் கிழித்து அதில் வடிகட்டுவார். சர்க்கரையும் இஞ்சிச் சாறும் சேர்த்து விறகடுப்பில் வைத்தால், கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் வரை கிளறுவதை நிறுத்த மாட்டார். பாட்டில்களை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைப்பதைக்கூட அக்காவிடம் விடவில்லை. வீடு முழுக்கப் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை நின்றது. அக்கா தண்ணீர் கலந்து வேளை தவறாமல் குடித்தாள்.

குடித்ததும் உதடும் நாக்கும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். வெளுத்துப்போயிருந்த முகத்தில் அந்தச் சிவப்பு அவளுக்கு ஒரு களையைக் கொடுத்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் தேறிவிட்டாள் என்றார்கள். அவளும், "ஒரு தெம்பு வருதுடி, நெசமாத்தான்" என்றாள். தெம்பு வந்ததோ, அவர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இருவரும் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போயிருந்தேன். அக்கா பாயில் சுருண்டு கிடந்தாள். சிரப்பைக் கலக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி, காலைலேர்ந்தே தொண்டைல எறங்கல" என்று கண்ணை மூடிக்கொண்டாள். புது பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. மத்தியானம் தோட்டத்திலிருந்து நனைந்தபடி வந்த அத்தான், தூங்குகிறவளைக் குனிந்து பார்த்தார். கடைவாயில் சிவப்பு வழிந்திருந்தது. தோள் துண்டின் நுனியால் மெதுவாக ஒற்றி எடுத்தார்.

"குடிச்சிட்டா போல. ஒதடு எப்புடிச் செவந்திருக்கு பாரு பாப்பா" என்றார் சந்தோஷமாக.

"அவ இன்னிக்குக் குடிக்கவே இல்ல அத்தான்."

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு அவளை எழுப்பி வாயைத் திறக்கச் சொன்னார். ஈறு முழுக்க ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே போர்ட் பிளேர். அங்கிருந்து மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது என்று சென்னையில் டாக்டர் விளக்கினார். யார் யாருடைய ரத்தமோ பை பையாக ஏறியது. எதுவும் அவளிடம் தங்கவில்லை. பேச்சு நின்றுபோவதற்கு முன், ஊருக்குப் போய்விடலாம் என்று அவரிடம் ஒருமுறை சொன்னாள். போக முடியவில்லை. அங்கேயே எரித்தோம்.

புறப்படும் முன் அத்தான் டாக்டரைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். கைகட்டி நின்றுகொண்டு, பழத்தைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். "அதால ஏதும் கெடுதல் ஆயிருச்சாங்க ஐயா?" என்று கேட்டார்.

டாக்டர் இரக்கமுள்ள மனிதர். "மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. சீக்கிரம் வந்திருந்தாலும் இது கஷ்டமான வியாதிதான். அந்தப் பழத்தால கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அவருக்கும் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

கப்பலில் வரும்போது அவர் மேல்தளத்தில் ஒரு மூலையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது சொன்னார்.

"கெடுதல் செஞ்சிருந்தாக்கூடத் தேவல பாப்பா. நான் ஏதோ செஞ்சேன்னு இருந்திருக்கும். எத்தன மரம் ஏறுனேன்! ஒண்ணுமே செய்யலன்னுட்டாரே."

தீவு கண்ணில் பட்டதும் எல்லோரும் கம்பியோரம் ஓடினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.