அம்மாவின் கன்னத்து நிறம்

அலுமாரியின் அடித்தட்டில், என்னுடைய கலியாணப் பேச்சுக்காக எடுத்த படம் கிடக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில், வவுனியா ஸ்ரேசனடியில் இருந்த ஒரு சின்ன ஸ்ரூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் பூசியிருக்கிறது. அதில் சிரிக்கும் பெட்டை நல்ல வெள்ளை. நானோ அன்றும் இன்றும் பனங்கட்டி நிறம்.

அதைப் பூசியவரை ஊரார் ஸ்ரூடியோ ஐயா என்பார்கள். அவர் இல்லாத இடத்தில் பறங்கியர் என்பார்கள். காலமாகிவிட்ட தகப்பன் ரெயில்வே கார்டாக வந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். தாய் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பெண். ஐயாவுக்குச் சாம்பல் கண், சிவந்த தோல். வாயைத் திறந்தால் அசல் கரையோரத் தமிழ். இந்த மனிதர் தன்னை யாரென்று நினைத்துக்கொள்கிறார் என்று அறிய எனக்கு ஒரே ஆவல். நான் அப்போது ஊருக்குப் புதிதாக வந்த ரீச்சர். பிறத்தியார் சங்கதி என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

என் படத்தை வாங்கப் போன அன்று, மேசையில் இன்னொரு படம் இருந்தது. தகப்பன், தாய், இரண்டு பொடியன்கள். மூவருக்கும் நிறம் பூசி முடிந்திருந்தது. தாயின் முகம் மட்டும் பூசாமல் கிடந்தது. கேட்காமல் இருப்பேனா?

"ஓம் ரீச்சர், எங்கட வீட்டுப் பழைய படந்தான்," என்றார். "அண்ணாவும் நானும் அவுஸ்திரேலியா போக எழுதிப்போட்டிருக்கிறம். தாய் தகப்பன்ர படமும் வேணுமாம். வெள்ளைக்காரச் சாயல் இருந்தால்தான் விடுவினமாம். அம்மாவைக் கொஞ்சம் வெளிறப் பூசச் சொல்லி கொழும்பிலை இருக்கிற அண்ணா கடிதம் போட்டிருக்கிறார்."

"பூசினால் என்ன? எனக்குப் பூசினியள்தானே?"

அவர் தூரிகையைக் கழுவினார். "நீங்கள் கேட்ட நிறத்தைத் தந்தனான். அவா கேக்கேல்லையே."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். போக ஒரு வேலையும் இல்லை, விடுப்பு அறியும் ஆவல்தான். தாய் சோறு கொண்டுவந்திருந்தார். ஐயா அவரை யன்னலோரக் கதிரையில் இருத்தி, கடதாசித் துண்டுகளில் நிறம் தீட்டி, ஒவ்வொன்றாக அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசிலை எனக்கென்னடா தம்பி பூச்சு?"

"அசையாதேங்கோ அம்மா."

மண்ணிறம், சிவப்பு, பிறகு ஒரு துளி மஞ்சள். ஐந்தாவது துண்டு கன்னத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு கறுத்த முகத்தில் இத்தனை நிறங்கள் இருப்பதை அன்றுதான் கண்டேன். கைப்பைக்குள் இருந்த என் படத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

அந்த நிறத்தைப் பூசித்தான் கொழும்புக்கு அனுப்பினார். அண்ணன் வேறெங்கோ தாய் இல்லாத ஒரு படத்தைச் செய்வித்து, தனியே கப்பலேறிவிட்டாராம். கவலையில்லையோ என்று கேட்டேன்.

"இருக்கு ரீச்சர். ஒரு பாயிலை படுத்து வளந்த நாங்கள்."

குடும்பப் படத்தின் இன்னொரு பிரதி ஸ்ரூடியோ வாசலில் தொங்கியது. இந்த அம்மா ஆர் என்று கேட்பவர்களுக்கு, "என்ர அம்மா. என்ர கண்ணைப் பாத்து ஏமாறாதேங்கோ," என்பார்.

என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் கட்டிக்கொண்டார். "படத்திலை இருந்தவ எப்ப வாறா?" என்று சாகும்வரை பகிடி பண்ணினார்.

போன மாதம் மகள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தப் படத்தை எடுத்தாள். ஆரென்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் என்னை யன்னலோரம் கூட்டிப்போய், படத்தை என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். நான் அசையாமல் நின்றேன்.

"இது நீங்களில்லை அம்மா," என்றாள்.